கறுப்பு வெள்ளையில் ஒன்பது படங்கள்

அத்தியாயம் 11

சேனாபதி அனுப்பிய ஒற்றை வரிச் செய்தியை வான்மதி இரண்டு நாட்களாக யாரிடமும் காட்டவில்லை.

'அந்தப் படங்களை எல்லாம் வித்துரு மதி. எனக்கு இனி வேண்டாம்.'

ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு, அமெரிக்காவின் மறுகோடியில் சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமான்ட்டுக்கு வேலை மாறிப் போன கணவர். இப்போது இருபத்தாறு மாதங்கள் ஆகிவிட்டன. தீக்ஷா பள்ளியை முடிக்கட்டும், அப்புறம் நாங்களும் வந்துவிடுகிறோம் என்றுதான் அன்று பேச்சு. தீக்ஷா பள்ளியை முடித்து, கல்லூரிக்கும் போய்விட்டாள். கிளம்பி வா என்று சேனாபதி கூப்பிடவில்லை. வரட்டுமா என்று வான்மதியும் கேட்கவில்லை.

மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்தவர், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தார். போன தீபாவளிக்கு வரவே இல்லை. வீடியோவில் பேசும்போதும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததை அவரிடம் கேட்கவில்லை. வீடியோவில் பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள்.

ஏழு வாரங்களுக்குப் பிறகு வந்த முதல் செய்தி இது. அதற்கு அவள் 'சரிங்க' என்று மட்டும் பதில் போட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் லாம்பர்ட்வில்லில் ஓர் ஏல நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரமும் வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, வெஸ்ட் வின்ட்சர் வீட்டின் மாடி நடையில் ஏணி போட்டு ஒவ்வொரு படமாகக் கழற்றினாள். கீழே நின்ற தீக்ஷா வாங்கிப் பழைய போர்வைகளில் சுற்றினாள்.

மொத்தம் ஒன்பது படங்கள். ஒன்றில்கூட நிறம் இல்லை. கறுப்பும் வெள்ளையும்தான். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிப்போகும் சதுரங்கள், நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும் சதுரங்கப் பலகை, சுழல்வது போலத் தோன்றும் வட்டங்கள். ஆப் ஆர்ட், கண்ணை ஏமாற்றும் ஓவியம் என்பார் சேனாபதி. அறுபதுகளில் இந்த ஊரையே ஆட்டிவைத்த சங்கதியாம். தாளில் எல்லாம் அசையாமல்தான் இருக்கும், பார்க்கிறவன் கண்தான் ஆடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து விளக்குவார். வந்தவர்கள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று சோபாவில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

வான்மதிக்கும் தலை சுற்றியது. பதினாறு வருடங்களாக அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். பிஸ்கட்டவேயில் மருந்து கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க எண்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, படியேறினால் எதிரில் சுவர் முழுக்க ஆட்டம்.

"அம்மா, இன்னிக்கே பண்ணணுமா?" என்றாள் தீக்ஷா. "கேன் வி ஜஸ்ட் வெயிட்?"

"எதுக்கு வெயிட் பண்ணணும்? உங்கப்பா வேண்டாம்னுட்டார்."

"அப்பா சொன்னா உடனே செஞ்சிடுவியா?"

"இத்தனை வருஷத்துல அவர் கேட்டது இது ஒண்ணுதான் கண்ணு. செஞ்சு குடுத்துடலாம்."

தீக்ஷா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குனிந்து டேப் ஒட்ட ஆரம்பித்தாள். நேற்று மாலை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்தே அவள் இப்படித்தான் இருந்தாள். இருபது வயதுப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஆயிரம் கவலை இருக்கும் என்று வான்மதி விட்டுவிட்டாள்.

கடைசியாகக் கழற்றியது பெரிய படம். நான்கடிக்கு மூன்றடி. மேலிருந்து கீழாக நூற்றுக்கணக்கான மெல்லிய கறுப்புக் கோடுகள். ஒவ்வொன்றும் பக்கத்துக் கோட்டைவிட மயிரிழை தள்ளி வளைந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் எதிரில் நின்றால் தாள் முழுவதும் அலை அடிக்கும். இதைச் சேனாபதி அறுபது டாலருக்கு வாங்கி வந்த அன்று வான்மதி இரண்டு வேளை அவரோடு பேசவில்லை.

அதைக் கழற்றியதும் சுவரில் வெளுக்காத ஒரு பெரிய செவ்வகம் தெரிந்தது. அவள் ஏணியிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

---

ஆற்றை ஒட்டிப் போகும் சாலை. மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பின்சீட்டை மடித்துப்போட்டு ஒன்பது படங்களையும் நிற்க வைத்திருந்ததால் வான்மதி வளைவுகளில் மெதுவாகத் திருப்பினாள்.

"உனக்கு ஞாபகம் இருக்குதா? அந்தப் பெரிய படம் வாங்கின அன்னிக்கு நீயும் கூட இருந்த."

"யெஸ். எனக்குப் பாத்ரூம் போகணும்னு அழுதேன். அப்பா அசையவே இல்ல. ட்வென்டி மினிட்ஸ்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைத் தூக்கிட்டு ஓடினார். தென் வி கேம் பேக். அகெய்ன் ட்வென்டி மினிட்ஸ்."

வான்மதி சிரித்துவிட்டாள். கார் ஜன்னலை இறக்கி விட்டுக்கொண்டாள்.

கோபியில் பிறந்து வளர்ந்த சேனாபதி இந்த மாதிரிப் படங்களில் என்னத்தைக் கண்டார் என்று அவளுக்குக் கடைசி வரை புரிந்ததில்லை. மன்ஹாட்டன் வேலை, காலை ஐந்தே முக்கால் ரயில், திரும்பி வர எட்டு மணி. வாரம் முழுவதும் அப்படி. சனிக்கிழமை வந்தால் போதும், யார் வீட்டையோ காலி செய்து சாமான்களை விற்கிறார்கள் என்று கிளம்பிவிடுவார். மற்றவர்கள் டீ செட்டும் கம்பளமும் தேடும் இடத்தில் இவர் சுவர்களைப் பார்ப்பார். கையோடு ஒரு பூதக்கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதையும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய மூக்கு தாளில் படும்படி நிற்பார்.

"அம்மா," என்றாள் தீக்ஷா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "இதெல்லாம் வித்துட்டா, டஸ் இட் மீன் யு டூ ஆர் டன்?"

வான்மதி எதிரில் வந்த ஒரு லாரி கடந்து போகும்வரை காத்திருந்தாள்.

"அதைத்தான் அவர் சொல்லியிருக்கார்னு நினைக்கறேன்."

தீக்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை வான்மதி பார்க்கவில்லை.

---

ஏல நிறுவனத்தில் அவர்களைப் பார்த்த பெண்ணின் பெயர் லோரெய்ன். அறுபது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கைகளில் வெள்ளைப் பருத்தி உறைகள். நீளமான மேசையில் படங்களை ஒவ்வொன்றாகக் கிடத்தி, சட்டத்தை விட்டு வெளியே எடுத்து, விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"இது போஸ்டர்," என்றாள் முதல் படத்தைக் காட்டி. "பூதக்கண்ணாடியில் பாருங்கள், புள்ளிபுள்ளியாகத் தெரியும். கண்காட்சிக்காக ஆயிரக்கணக்கில் அடித்தது. நூறு டாலருக்கு மேல் போகாது."

அடுத்ததில் கீழ் வலது மூலையில் பென்சில் கையெழுத்தும், இடது மூலையில் 34/75 என்ற எண்ணும் இருந்தன. எழுபத்தைந்து பிரதிகளில் முப்பத்திநான்காவது. ஆனால் யாரோ சட்டத்துக்குள் அடக்குவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தார்கள். அந்த ஒரு வெட்டில் பாதி விலை போய்விட்டது என்றாள் லோரெய்ன். இன்னொன்றில் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. இன்னொன்றின் கறுப்பில் நகம் கீறிய மாதிரி ஓர் உரசல்.

"சின்னதுதானே?" என்று கேட்டாள் வான்மதி.

"வண்ணப் படமாக இருந்தால் சின்னதுதான். இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கறுப்பு கறுப்பாக இருக்க வேண்டும், வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும். கண்ணை ஆட வைக்கிற கோடு ஒரே ஓர் இடத்தில் தடுக்கினால்கூட ஆட்டம் நின்றுவிடும்."

வாங்குகிறவர்கள் யார் என்று தீக்ஷா கேட்டாள்.

"இரண்டு விதம். அந்தக் காலத்தில் இளைஞராக இருந்தவர்கள். அப்புறம் உன் வயதுக்காரர்கள். நடுவில் ஒரு முப்பது வருடம் இதை யாரும் சீந்தவில்லை. சட்டைத் துணியிலும் தட்டிலும் அச்சடித்து அச்சடித்து ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. இப்போது திரும்பி வந்திருக்கிறது. நாள் முழுக்கத் திரை பார்க்கிற கண்ணுக்கு, மின்சாரம் இல்லாமல் அசைகிற ஒரு தாள் அதிசயமாக இருக்கிறது போல."

கடைசியாகப் பெரிய படத்தைப் பிரித்தாள்.

விளக்கை இந்தப் பக்கம் வைத்தாள். அந்தப் பக்கம் வைத்தாள். குனிந்து பென்சில் எழுத்தைப் படித்தாள். பிறகு உறைகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி மாட்டிக்கொண்டாள்.

"இதை உங்கள் கணவர் எங்கே வாங்கினார்?"

"ஏதோ ஒரு வீட்டு சேலில். ஏன்?"

"ஐடா ப்ரென்னர். ட்ரென்டன் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். முப்பதே பிரதிகள் எடுத்தாள், எல்லாம் தன் கையால். இன்று இருக்கும் இடம் தெரிந்தவை பதினொன்றுதான். இது பன்னிரண்டாவதாக இருக்கலாம்."

இருக்கலாம் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ப்ரென்னர் இறந்த பிறகு அவளுடைய உறவினர் ஒருவர் அதே அச்சில் சில பிரதிகள் எடுத்துப் பொய்க் கையெழுத்தும் போட்டு விற்றிருந்தார். இது எந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டுக்கு யார் மூலம் வந்தது என்று தெரிந்தால் சந்தேகம் தீரும். தீர்ந்தால் பதினெட்டாயிரம் டாலரிலிருந்து இருபத்திரண்டாயிரம் வரை போகும். தீராவிட்டால் சில நூறுதான்.

"அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியுமா?" என்றாள் லோரெய்ன்.

வான்மதி தீக்ஷாவைப் பார்த்தாள். தீக்ஷாவின் முகம் வெளுத்திருந்தது.

"நான் டெக்ஸ்ட் பண்றேன்மா. வீடியோ வேண்டாம்."

"படத்தைப் பார்த்தாத்தானே அவர் சொல்லுவார்?"

நான்காவது மணியில் சேனாபதி எடுத்தார். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் வெறும் சுவர். வழக்கம்போல முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"சொல்லு மதி."

"நீங்க சொன்னபடி விக்கறதுக்குக் கொண்டாந்திருக்கேங்க. அந்தப் பெரிய படம், அலை அடிக்குமே, அது எந்த வீட்டுல வாங்கினதுன்னு கேக்கறாங்க. காட்டறேன் பாருங்க."

கேமராவைத் திருப்பினாள். அதற்குள் லோரெய்ன் அந்தப் படத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்காக அதைக் குப்புறக் கவிழ்த்திருந்தாள். கேமராவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றது வட்டங்கள் போட்ட போஸ்டர். வான்மதி கையை நகர்த்துவதற்குள் சேனாபதி சொன்னார்:

"ஆமா, இதுதான். அந்த அலை. கோடெல்லாம் என்ன சுத்தமா இருக்குது பாரு."

வான்மதி அப்படியே நின்றாள்.

எந்தப் படம் எத்தனையாவது பிரதி என்று பார்க்காமலே சொல்லக்கூடிய மனிதர். படம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்து தொங்கினால் சாப்பிடும்போது எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வருகிற மனிதர். அவர் எட்டுக் கறுப்பு வட்டங்களைப் பார்த்து அலை என்கிறார்.

"அப்பா," என்றாள் தீக்ஷா.

"நான் திரும்பக் கூப்பிடறேங்க," என்று சொல்லி வான்மதி போனை அணைத்தாள்.

---

கட்டடத்துக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம். அதைத் தாண்டிக் கால்வாய். ஒரு மரப்பெஞ்சு இருந்தது. வான்மதி உட்காரவில்லை.

"உனக்குத் தெரியும்."

"ஐ ப்ராமிஸ்ட் ஹிம், அம்மா."

"எப்ப இருந்து?"

"மார்ச். ஸ்பிரிங் பிரேக்குக்குப் போனேனே, அப்ப."

அங்கே போன முதல் நாளே தீக்ஷா கண்டுபிடித்துவிட்டாள். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. அப்பா வாங்கிய இன்னொரு படம் என்று நினைத்து, இதென்ன இவ்வளவு சின்னது என்று கேட்டாள். அது டாக்டர் கொடுத்தது. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கட்டங்கள் நேராகத் தெரிந்தால் பரவாயில்லை. வளைந்து தெரிந்தால் உடனே போன் செய்ய வேண்டும். சேனாபதிக்குக் கட்டங்கள் வளைந்துதான் தெரிந்தன. நடுப்புள்ளி தெரியவே இல்லை.

விழித்திரையில் ரத்தம் கசிகிறது. பவர் மிக அதிகமான கண்களுக்கு வருவதாம். இடது கண்ணில் போன வருடம் செப்டம்பரில் ஆரம்பித்து, ஜனவரியில் வலது கண்ணுக்கும் வந்துவிட்டது. மாதா மாதம் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். முழுக்க இருட்டாகாது என்கிறார் டாக்டர். ஆனால் நடுவில் பார்வை இல்லை. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்.

"போன தீபாவளிக்கு..."

"அப்பத்தான் ஃபர்ஸ்ட் ஊசி."

வான்மதி பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தத் தீபாவளி அன்று ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடையில் வாங்கி வந்த மைசூர்பாக்கைத் திறக்காமலே குப்பையில் போட்டது ஞாபகம் வந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"உங்கம்மாகிட்டச் சொல்லாத, சொன்னா அவ வந்துருவான்னு சொன்னார்."

"நான் வந்துருவேன்னு பயமா அவருக்கு?"

"எனக்குத் தெரியல. ஐம் சாரி. ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் சொல்லிடலாம்னு நினைப்பேன்." தீக்ஷா அழுதாள். குழந்தையாக இருந்தபோது அழுத மாதிரியே சத்தம் வராமல் அழுதாள்.

ஏழு மாதங்கள் இந்தப் பெண் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று வான்மதிக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் வரவில்லை. மகளின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையால் போனை எடுத்தாள். இந்த முறை வீடியோ இல்லை.

"ஏங்க."

"ம்."

"கண்ணுக்கு என்னன்னு தீக்ஷா சொன்னா."

"நீ காட்டினது வேற படமா?"

"வட்டம். முதல்ல வாங்கினீங்களே, அந்தப் போஸ்டர்."

"அப்படியா." அவர் சிரிக்க முயன்றது தெரிந்தது. "முன்னெல்லாம் கோடு ஆடறதுக்குக் காசு குடுத்து வாங்கினேன் மதி. இப்பக் கதவு ஆடுது, டைல்ஸ் ஆடுது, ரோட்டுல லேன் ஆடுது. எல்லாம் ஃப்ரீ."

"விளையாடாதீங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா வந்துருவ."

"வந்தா என்னங்க?"

"ரெண்டு வருஷமா எனக்காக வராதவ, கண்ணுக்காக வந்து நின்னா, அதை நான் எப்படி வாங்கிக்கறது?"

வான்மதிக்குச் சுருக்கென்றது. "நீங்க ஒரு தடவைகூடக் கூப்பிடலைங்களே."

"நீ கேக்கலையே."

கால்வாய்க் கரையில் சைக்கிளில் போன யாரோ தீக்ஷாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் வான்மதி. "வீடியோல பேசறப்ப ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே பேசுவீங்க?"

"நேரா பார்த்தா உன் மூஞ்சி இருக்கற இடத்துல ஒரு கறுப்பு. கொஞ்சம் தள்ளிப் பார்த்தாத்தான் நீ தெரிவ. டாக்டர் சொல்லிக்குடுத்தார், ஓரக்கண்ணால பார்த்துப் பழகுன்னு. உன்னை வெச்சுத்தான் பழகினேன். அப்புறம் நீ வீடியோவுல வர்றதைக் குறைச்சுட்ட."

வான்மதி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அந்தத் திரும்பிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், வேலை இருக்கிறது என்று சொல்லி அணைத்த ஞாயிற்றுக்கிழமைகள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காதில் வைத்தபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மதி? இருக்கறயா?"

"இருக்கேங்க."

"அந்த அலை இப்ப எப்படி இருக்குது? கலங்காம இருக்குதா?"

"நல்லா இருக்குது." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இடது பக்கம் அமைதியா ஆரம்பிக்குது. கோடெல்லாம் நேராத்தான் நிக்கற மாதிரி இருக்கும். மூணுல ஒரு பங்கு தாண்டினதும் மெதுவா மூச்சு விட ஆரம்பிக்கும். அங்கயே பார்த்தா ஆடாது. பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினாத்தான் ஆடும். வலது பக்கம் கீழ கோடெல்லாம் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு இடத்துல வெள்ளை பளிச்சுன்னு சாம்பல் கலராத் தெரியும். சாம்பல் கிடையாது. கிட்டப் போனா மறைஞ்சிரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாடி ஜன்னல் வெயில் படறப்பத்தான் அது ரொம்ப நல்லாத் தெரியும்."

"தலைவலிக்குதுன்னு சொல்லுவ," என்றார் சேனாபதி.

"வலிக்கும். இப்பவும் வலிக்குது. நீங்க போனதுக்கப்புறம் தினமும் பார்ப்பேன்."

பிறகு அவர் அந்தப் படத்தை வாங்கிய ஊரைச் சொன்னார், ஹோப்வெல். மிஸஸ் ஆல்டன் என்று ஒரு மியூசிக் டீச்சர் இருந்த வீடு. ஐடா ப்ரென்னருக்குப் பக்கத்து வீடு. தன் அம்மாவின் கல்யாணத்துக்கு ப்ரென்னரே கொடுத்தது என்று மிஸஸ் ஆல்டனின் மகன் சொன்னான், எழுதியும் கொடுத்தான். அந்தக் காகிதம் வெஸ்ட் வின்ட்சர் வீட்டில், தன் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது.

"நல்ல விலைக்குப் போகும் மதி. வித்துரு. எனக்குத் தெரியாததை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்?"

"எனக்குத் தெரியுதுங்களே," என்றாள் வான்மதி.

அடுத்த ஊசி எப்போது என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றார். நான் வர்றேன் என்றாள். அப்புறம் பேசறேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

---

உள்ளே லோரெய்ன் காத்திருந்தாள். ஹோப்வெல் என்றதும், மிஸஸ் ஆல்டன் என்றதும் அவள் கண்கள் விரிந்தன. அந்தக் காகிதம் கிடைத்தால் தான் சொன்ன தொகையே குறைவு என்றாள். ஜனவரி ஏலத்தின் பட்டியலில் அட்டைப்படமாகவே போடலாம் என்றாள்.

"மத்த எட்டையும் வித்துடுங்க," என்றாள் வான்மதி ஆங்கிலத்தில். "இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"யோசித்துச் சொல்லுங்கள். இந்தச் சந்தை இன்றைக்கு மேலே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து எங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

"தெரியும். பரவாயில்லை."

லோரெய்ன் வற்புறுத்தவில்லை. அமிலம் இல்லாத காகிதம் கொண்டுவந்து படத்தைத் தானே சுற்றிக் கொடுத்தாள். அந்தப் பழைய போர்வை கூடவே கூடாது என்றாள்.

இருவருமாகப் படத்தைப் பிடித்துக்கொண்டு கார் வரை வந்தார்கள். உள்ளே சாய்த்து வைத்து, தீக்ஷா பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"அம்மா, அவர் வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லட்டும். கதவைத் திறந்துட்டுத்தானே சொல்லணும்?"

வான்மதி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து விமான டிக்கெட் தேட ஆரம்பித்தாள். நுவார்க்கிலிருந்து ஞாயிறு காலை ஒன்று இருந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் போட்டுக்கொண்டிருந்தபோது திரையை மறைத்துக்கொண்டு அழைப்பு வந்தது. சேனாபதி. அவராகக் கூப்பிட்டு எத்தனை மாதங்கள் ஆகின்றன என்று அவளுக்கு நினைவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டிக்கெட் போட்டுட்டயா?"

"போட்டுக்கிட்டு இருக்கேங்க."

"சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குப் போடாத."

வான்மதியின் விரல் அப்படியே நின்றது.

"வர வேண்டாம்னு சொல்லல," என்றார் அவர் அவசரமாக. "வா மதி. நீ வந்தா எனக்கு... வா. ஆனா நான் அங்க இல்ல. ஜூன் மாசமே வேலையும் போச்சு, வீட்டையும் காலி பண்ணிட்டேன். டெக்ஸஸ்ல இருக்கேன்."

"வாட்?" தீக்ஷா முன்னால் சாய்ந்தாள். "டெக்ஸஸ்ல யாரு இருக்காங்க?"

போனில் பின்னால் எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம், யாரோ ஒரு பெண் தமிழில் ஏதோ கேட்கும் சத்தம்.

இருபத்தாறு மாதங்களாகக் காத்திருந்த 'வா' என்ற ஒரு சொல் வான்மதியின் காதுக்குள் வந்து விழுந்திருந்தது. மற்றதை எல்லாம் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம். வான்மதி திரையில் போட்டிருந்த ஊரின் பெயரை அழித்தாள்.

"டல்லாஸுங்களா, ஹூஸ்டனுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.